புல்லுக்கு இல்லீங்க, கூரைக்கு!

"பார்க்கல்லி ஸ்பிரிங்க்ளர் ஆகலே இதெயல்லா சார்?"

கமிட்டி மீட்டிங்கில் நான் வாயைத் திறந்து முழுசாக ஒரு நிமிடம் ஆகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி இப்படிக் கேட்டார். பார்க்கில்தான் ஏற்கெனவே ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று அர்த்தம். வெளியே எட்டிப் பார்த்தேன். புல்வெளி நடுவில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. சுற்றவில்லை. ஒரு மாதமாகவே சுற்றவில்லையாம். 2024 மார்ச் மாதம் பெங்களூரில் இருந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

"அது புல்லுக்கு சார். நான் சொல்றது கூரைக்கு. தீப்பிடிச்சா தண்ணி அடிக்கிறது" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். பதினெட்டு வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியும் என் கன்னடம் அந்த லட்சணம்தான். (தங்கமணி காய்கறிக்காரரோடு வாயாடியே என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள். அது தனிக்கதை.)

பெரியவர் யோசித்தார். பிறகு கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "கூரைக்கு வேணும்னா முதல்லயே ஏன் சொல்லலை?"

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பொட்டி தட்டும் ஆள் இல்லை. கட்டடங்களுக்குக் குழாய் வரைகிறவன். குடிக்கிற தண்ணி, போகிற தண்ணி, தீயணைக்கிற தண்ணி எல்லாம் என் டிபார்ட்மென்ட். சிவகாசியில் இருக்கும் அம்மாவிடம் யாராவது "பையன் பெங்களூர்ல என்ன வேலை?" என்று கேட்டால், "தண்ணி பைப்பு போடுறான்" என்று சொல்லிவிடும். இன்ஜினியரிங் படிக்க வைத்த கடன் அடைவதற்குள் இப்படி ஒரு மரியாதை :-)

கட்டடம் இருக்கும் பார்க்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தெற்கு பெங்களூரில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு சின்ன நூலகம். கீழே ஒரு ஹால், குழந்தைகள் பகுதி. மேலே ரீடிங் ரூம். மொத்த உயரம் 9 மீட்டர். முதலில் வந்த வரைபடத்தில் நாலு பக்கமும் திறந்த ஜன்னல், சிமென்ட் தரை, இரும்பு ஷெல்ஃப், மேலே ஃபேன். அவ்வளவுதான். நேஷனல் பில்டிங் கோடு 2016, நாலாவது பாகத்தைப் புரட்டினேன். 15 மீட்டரைத் தொட்டால்தான் உயரமான கட்டடம். நம்முடையது அதற்கு ரொம்பக் கீழே. ஹோஸ் ரீல், எக்ஸ்டிங்குயிஷர், இரண்டு வாசல். ஸ்பிரிங்க்ளர் கட்டாயமில்லை என்பது என் வாசிப்பு. வரைபடத்தின் ஓரத்தில் அந்த வரிக்கு எதிரே "தேவையில்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு அடுத்த ஆணியைப் பிடுங்கப் போய்விட்டேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லைதான். ஆனால் கட்டடம் சும்மா இருக்குமா? 2023 அக்டோபரில் தளம் போட்டார்கள். ஜனவரியில் ஒரு ஸ்பான்சர் வந்தார். ஹாலுக்கு ஏசி. ஏசி போட்டால் ஜன்னலை அடைக்க வேண்டும். அடைத்தால் ஃபால்ஸ் சீலிங் வேண்டும். தரைக்கு கார்ப்பெட். குழந்தைகள் குதித்து விளையாட ஃபோம் மெத்தை, ஃபோம் சோபா, சுவரில் தெர்மாகோலில் யானை, ஒட்டகச்சிவிங்கி. புது வரைபடம் என் மெயிலுக்கு வந்தபோது அது வேறு கட்டடம். உயரம் மட்டும் அதே 9 மீட்டர்.

சிவகாசிப் பக்கம் பிறந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த அறைக்குள் போனாலும் "இதில் எது முதலில் பிடிக்கும், எது வழியாக ஓடலாம்" என்று கண் தானாகப் பார்க்கும். அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார் (எங்கள் ஊரில் ஃபேக்டரியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்). வாசலில் சிவப்பு பெயின்ட் அடித்த மண்வாளி வரிசையாகத் தொங்கும். பட்டாசு ஷெட்டுகளில் கதவு எல்லாம் வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், உள்ளே இத்தனை பேர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம். அதை மீறின இடங்களில் என்ன நடக்கும் என்று வருஷா வருஷம் பேப்பரில் பார்க்கிறோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தத் தேதி மறக்காது.

அந்தக் கண்ணோடு புது வரைபடத்தைப் பார்த்தேன். ஃபோம், தெர்மாகோல், கார்ப்பெட், காகிதம். அடைத்த ஜன்னல். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வயர். நடுவில் நாற்பது ஐம்பது குழந்தைகள்.

சும்மா பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் குழந்தைகளைக் கொண்டுபோன பெரிய தீ விபத்துகளை எண்ணிப் பாருங்கள். 1981 பிப்ரவரி 7, இதே பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்தது. 92 பேர். பெரும்பாலும் குழந்தைகள். அது கூடாரம். 2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைகள். கீற்றுக் கூரை. அதே வருஷம் ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், மாப்பிள்ளையோடு சேர்த்து ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள். அதிலும் கீற்றுப் பந்தல்தான். இதில் எதுவுமே 15 மீட்டர் இல்லை. வானளாவிய கட்டடம் என்றால் எல்லோரும் பயந்து பயந்து சட்டம் போடுகிறோம். நம் பிள்ளைகள் செத்ததெல்லாம் ஏணி வைத்தால் எட்டிவிடுகிற உயரத்தில்.

கும்பகோணம் நடந்த அன்று ஆபீசில் இருந்த தமிழ்ப் பையன்கள் ஐந்தாறு பேரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் நின்று செய்தி படித்தோம். யாரும் பேசவில்லை. அதற்கப்புறம் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை எல்லாம் எடுத்தார்கள். ஒரு ஓலைக்கு இருக்கும் அதே குணம் ஒரு ஃபோம் மெத்தைக்கும் உண்டு என்பது மட்டும் யார் மண்டையிலும் ஏறுவதில்லை. ஃபோம் பார்க்க அழகாக, கலர் கலராக இருக்கிறதே! ஓலையாவது வெறும் புகைதான் விடும். ஃபோம் எரியும்போது வரும் கரும்புகையை நாலு மூச்சு இழுத்தால் கால் நகராது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஸ்பிரிங்க்ளர் என்றால் என்ன?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஹீரோ சிகரெட் லைட்டரை மேலே தூக்கிக் காட்டுவார். மொத்த பில்டிங்கிலும் மழை கொட்டும். ஹீரோயின் நனைவார். சுத்தப் பொய். ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளர் தலையிலும் சுண்டு விரலைவிட மெலிசாக ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கும். உள்ளே திரவமும் ஒரு சின்னக் காற்றுக் குமிழியும். சூடு ஏற ஏறத் திரவம் விரியும், குமிழி காணாமல் போகும், அப்புறம் குப்பி உடையும். குப்பிதான் தண்ணீரை அடைத்துக்கொண்டிருக்கும் மூடியைத் தாங்கி நிற்பது. அது உடைந்தால் அந்த ஒரு தலையில் மட்டும் தண்ணீர். பக்கத்துத் தலைக்கு அதன் சூடு வந்தால்தான் அது திறக்கும். சிவப்புக் குப்பி 68 டிகிரி. மஞ்சள் 79. பச்சை 93. சமையலறை மாதிரி இடங்களில் பச்சை போடுவோம். வீட்டில் சாம்பிராணி போட்டால் ஸ்பிரிங்க்ளர் திறக்குமா என்று போன மாதம்கூட ஒரு மாமி கேட்டார். திறக்காது மாமி, அதற்குப் புகை தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். கத்துவது ஸ்மோக் டிடெக்டர். அது வேறு ஜாதி.

இது நேற்றைக்கு வந்த சமாச்சாரமும் இல்லை. அமெரிக்காவில் ஹென்றி பார்மலி என்று ஒருவர் தன் பியானோ ஃபேக்டரி எரிந்துவிடக் கூடாதே என்று 1874-ல் பேட்டன்ட் வாங்கியது. நூற்றைம்பது வருஷமாகிறது. கலிபோர்னியாவில் 2011 முதல் புதிதாகக் கட்டும் தனி வீட்டுக்கே ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். அங்கே இருக்கும் நண்பர்கள் சீலிங்கை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மீட்டிங்குக்குத் திரும்புகிறேன். பெரியவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு வந்தது நிஜமான எதிர்ப்பு.

"எஷ்டு நீரு பேக்கு?"

கணக்கு சொன்னேன். ஹாலும் குழந்தைகள் பகுதியும் சேர்த்து 300 சதுர மீட்டர். ஒரு தலை அதிகபட்சம் 12 சதுர மீட்டரைக் காக்கும். அப்படியானால் 25. ஆனால் பீம், மூலை, தூண் எல்லாம் குறுக்கே வருவதால் 34. எல்லாம் ஒரே சமயத்தில் திறக்காது. ஆனாலும் கணக்குக்கு 12 திறந்ததாக வைத்துக்கொண்டேன். நல்ல அழுத்தத்தில் ஒரு தலை நிமிடத்துக்கு 80 லிட்டர். 12-க்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர். அரை மணி நேரத்துக்கு 30,000 லிட்டர்.

"மூவத்து சாவிரா லிட்டரா?" அறையில் இருந்த அத்தனை பேரும் என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மாதம் நகரத்தில் போர்வெல்கள் வரிசையாக வற்றிக்கொண்டிருந்தன. எங்கள் அபார்ட்மென்டில் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். குடிநீரில் கார் கழுவினாலோ, தோட்டத்துக்கு ஊற்றினாலோ, கட்டட வேலைக்கு எடுத்தாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டிருந்தது. இந்த ஊருக்குக் காவிரி சும்மா ஓடி வருவதில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்ப் பண்ணி ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் 30,000 லிட்டரை எப்போதோ வரப்போகிற, வராமலே போகக்கூடிய தீக்காக சம்ப்பில் பூட்டி வை என்று ஒரு தமிழன் வந்து சொல்கிறான். காவிரி, கர்நாடகா, தமிழன். சப்ஜெக்ட்டைப் பாருங்கள். நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன் :-)

நான் சொன்னது இதுதான். இந்தத் தண்ணீரை ஒரு முறைதான் நிரப்ப வேண்டும். குடிநீராக இருக்க வேண்டியதில்லை. மழைக்கு அந்தக் கூரையில் விழும் தண்ணீரே போதும். ஆனால் அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். எந்த சம்ப்பிலாவது தண்ணீர் இருப்பது தெரிந்தால் தோட்டத்துக்கு ஹோஸ் போட்டுவிடுவார்கள். பூட்டு, போர்டு எதுவும் வேலைக்கு ஆகாது. அதற்கு ஒரே வழி, தோட்டத்துக்குப் போகும் குழாயின் வாயை சம்ப்பில் உயரத்தில் வைப்பது. 30,000 லிட்டர் மட்டம் வரை இறங்கினால் தோட்டக் குழாய் காற்றைத்தான் உறிஞ்சும். தீக்குழாயின் வாய் அடியில் இருக்கும். மனுஷனை நம்பாமல் உயரத்தை நம்புவது.

நூலகத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "புத்தகமெல்லாம் நனைஞ்சு போகுமே?" நியாயமான கேள்வி. நூலகம் எரிவது என்றால் தமிழனுக்கு முதலில் ஞாபகம் வருவது 1981 யாழ்ப்பாணம். அது வைத்த தீ, இந்தக் கணக்கில் சேராது. 1986 ஏப்ரல் 29-ல் லாஸ் ஏஞ்சலஸ் மத்திய நூலகம் எரிந்த கதையைச் சொன்னேன். புத்தக அடுக்குகளில் ஸ்பிரிங்க்ளர் இல்லை. ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. சுமார் 4 லட்சம் புத்தகங்கள் போயின. புகையிலும் தண்ணீரிலும் கெட்டவை இன்னும் சில லட்சம். ஏனென்றால் தீயணைப்பு வண்டி வந்து ஹோஸ் பிடிக்கும்போது ஊற்றுவது ஒரு ஸ்பிரிங்க்ளர் தலையைப்போலப் பல மடங்கு. நனைந்த புத்தகத்தை உலர்த்தலாம் சார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா, சலித்துக்கொண்டாரா தெரியவில்லை.

ஆர்க்கிடெக்ட் பெண்மணிக்கு வேறு கவலை. "லால்பாக் கிளாஸ் ஹவுஸ்ல எங்கே ஸ்பிரிங்க்ளர்? நூத்து முப்பது வருஷமா நிக்குதே." பூங்காக் கட்டடம் என்றால் இந்த ஊரில் எல்லோருக்கும் அளவுகோல் அதுதான். 1889 நவம்பர் 30-ல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டியது, லண்டன் கிரிஸ்டல் பேலஸை மாதிரியாக வைத்து. அந்த மாதிரிக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. இரும்பும் கண்ணாடியும் எரியுமா என்ன? 1936-ல் ஒரே ராத்திரியில் எரிந்து முடிந்தது. தரை காய்ந்த மரம், உள்ளே அடைத்திருந்த சாமான்கள். தேதி என்ன தெரியுமா? அதுவும் நவம்பர் 30. நம் லால்பாக் கிளாஸ் ஹவுஸ் திறந்த வெளி, செடியும் பூவும்தான் வைக்கிறோம். அதற்கு ஆபத்து குறைவு. கிளாஸ் ஹவுஸுக்குள் ஃபோம் மெத்தையும் தெர்மாகோல் யானையும் வையுங்கள், அப்புறம் பேசுவோம் என்றேன். அந்தம்மா சிரித்துவிட்டார்.

சிரித்தாலும் முடிவு மாறவில்லை. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார். இன்னும் ரெண்டு எக்ஸ்டிங்குயிஷர் சேத்துக்கோங்க." மீட்டிங் முடிந்தது. காபி நன்றாக இருந்தது.

ஆபீசுக்குத் திரும்பி ஒரு கடிதம் எழுதினேன். உள்ளே வைக்கும் பொருள் மாறிவிட்டதால் நான் எழுதிய "தேவையில்லை"யைத் திரும்பப் பெறுகிறேன் என்று. எங்கள் டேமேஜர் அதைப் படித்துவிட்டு, "இதை அனுப்பினா பேமென்ட் லேட் ஆகும்" என்றார். "அனுப்பலைன்னா?" என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, அனுப்பு என்று கையெழுத்துப் போட்டார். அவருக்கும் 2010 ஞாபகம் இருக்கிறது. பிப்ரவரி 23, பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ். வயர் போகும் ஷாஃப்டில் பிடித்த தீ. தீயைவிடப் புகைதான் எமன். 9 பேர் போனார்கள். மேல் மாடிகளிலிருந்து குதித்தவர்கள் அதில் உண்டு. எங்கள் ஆபீஸ் அப்போது இந்திரா நகரில். சைரன் சத்தம் அன்று மத்தியானம் பூராவும் கேட்டது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரி தீக்கு அறைகளில் இருக்கும் ஸ்பிரிங்க்ளர் பெரிதாக உதவியிருக்காது. அங்கே வேண்டியிருந்தது ஷாஃப்டை மாடிக்கு மாடி அடைப்பதும், தடையில்லாத படிக்கட்டும். ஸ்பிரிங்க்ளர் சர்வரோக நிவாரணி என்று விற்க நான் வரவில்லை.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஏப்ரல் போனது. மே போனது.

மே 25, சனிக்கிழமை, ராஜ்கோட்டில் ஒரு கேம் ஜோன் எரிந்தது. 27 பேர். அதில் குழந்தைகளும் உண்டு. தகர ஷெட், உள்ளே ஃபோம், அதோடு அங்கே வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. வானளாவிய கட்டடம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை கமிட்டிப் பெரியவர் போன் பண்ணினார். அவரே. "நீங்க எழுதின லெட்டர் எங்க ஃபைல்ல இருக்கு. வந்து பேசுங்க." சந்தோஷப்பட வேண்டிய போன்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மார்ச்சில் நான் மூச்சுமுட்டப் பேசி நடக்காதது, எங்கேயோ ஒரு ஊரில் யாரோ பெற்ற பிள்ளைகள் போனதால் மூன்றே நாளில் நடக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது நிஜமான தலைவலி. கட்டி முடித்த தளத்தில் குழாயை எப்படிக் கொண்டுபோவது?

கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பீமில் குழாய் போகும் இடத்தில் ஒரு பிவிசி பைப் துண்டைச் செருகிவிட்டால் போதும். ஸ்லீவ் என்போம். நூறு இருநூறு ரூபாய்த் துண்டு. ஸ்பிரிங்க்ளர் வந்தாலும் வராவிட்டாலும் அதை விட்டு வைத்திருக்கலாம். நான் விடவில்லை. தேவையில்லை என்று எழுதியவன் ஓட்டை மட்டும் எதற்கு விடுவான்? இப்போது பீமில் துளை போடலாமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டால், அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முடியாது. ஆகவே எல்லாக் குழாயும் பீமுக்குக் கீழே. அதற்காக ஃபால்ஸ் சீலிங் அரை அடி இறங்க வேண்டும். ஏசி டக்ட் குறுக்கே வந்தது. டக்ட்காரரும் நானும் நாலு நாள் ஏணி மேலேயே குடித்தனம் நடத்தினோம். கடைசியில் ஹாலில் ஃபால்ஸ் சீலிங்கே வேண்டாம், குழாய்கள் சிவப்பாகத் தெரியட்டும் என்று ஆர்க்கிடெக்ட் அம்மாவே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்குக் கோயில் கட்டலாம். ஸ்பிரிங்க்ளர் போட்ட கோயில்.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை. கட்டி முடியாத கட்டடம்தான் ரொம்ப ஆபத்தானது. குழாய் இருக்கும், தண்ணீர் இருக்காது. மெத்தை வந்து இறங்கியிருக்கும், அதன் பக்கத்திலேயே வெல்டிங் பொறி பறக்கும். ராஜ்கோட்டைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளே வெல்டிங்கே வேண்டாம், வெளியே வைத்து வெல்டு பண்ணி, உள்ளே மரை போட்டும் கப்ளிங் போட்டும் சேருங்கள் என்று சொல்லிவிட்டேன். குழாய் மேஸ்திரி தர்மபுரிக்காரர். "ரெண்டு வாரம் அதிகமாகும் சார். எங்களுக்குக் கூலி?" என்றார். கான்ட்ராக்டரிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தோம். அதையும் மீறி ஒரு இடத்தில் வெல்டு பண்ணியே ஆக வேண்டியிருந்தது. மேஸ்திரி ஒரு பையனைத் தண்ணி வாளியோடும் ஈரச் சாக்கோடும் பக்கத்தில் உட்கார வைத்தார். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் பையன் எழுந்தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏன் என்று கேட்டேன். "கங்கு உடனே காட்டாது சார். தூங்கிட்டுதான் எந்திரிக்கும்" என்றார். எங்கள் அப்பா இருந்திருந்தால் அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்திருப்பார்.

பிரஷர் டெஸ்ட் அன்று 14 கிலோ ஏற்றி இரண்டு மணி நேரம் வைத்தோம். முதல் தடவை மூன்று இடத்தில் ஒழுகியது. இரண்டாம் தடவை ஒரு இடம். மூன்றாம் தடவை முள் அசையவில்லை. சம்ப்பை 2024 மழையே நிரப்பிவிட்டது. மார்ச்சில் வறண்டு கிடந்த ஊரில் அக்டோபரில் ரோட்டில் படகு விட்டார்கள், அது பெங்களூர் வழக்கம்.

இந்த இடத்தில் அபார்ட்மென்ட்வாசிகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு சீலிங்கில் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அதில் பர்த்டே பலூன் கட்டாதீர்கள். துணி ஹேங்கர் மாட்டாதீர்கள். பெயின்டர் வரும்போது அதன் மேல் ஒரு கோட் அடிக்க விடாதீர்கள். குப்பி மேல் பெயின்ட் காய்ந்தால் சூடு சரியாக ஏறாது. என் சொந்தக்காரர் வீட்டில், பார்க்க நன்றாயில்லை என்று ஜிப்சம் போர்டு போட்டு மொத்தமாக மூடிவிட்டார்கள். உள்ளே பத்திரமாக இருக்கிறதாம்! எதற்குப் பத்திரம்? முடிந்தால் ஒரு நாள் பேஸ்மென்ட் பம்ப் ரூமுக்குப் போய் வால்வு திறந்திருக்கிறதா, பம்ப் ஸ்விட்ச் ஆட்டோவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பல இடங்களில் ஒழுகுகிறது என்று எவனோ மூடிய வால்வு வருஷக்கணக்கில் மூடியே கிடக்கும்.

2025-ல் திறப்பு விழா முடிந்த அடுத்த ஞாயிறு மகளையும் தங்கமணியையும் அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தது. ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுதான் நீ போட்ட பைப்பாய்யா? சிவப்பா இருக்கு, நம்மூரு மண்வாளியாட்டம்" என்றது. எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

மகள் குப்பிகளை எண்ணினாள். முப்பத்து நாலு. சரியாக எண்ணினாள். பிறகு படியேறி ரீடிங் ரூமுக்கு ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, இங்கே ஒண்ணுகூட இல்லையே?"

இல்லைதான். மேல் மாடிக்கு இந்த பட்ஜெட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அங்கே ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருக்கிறது, மர மேஜைகள்தான், படிக்கட்டு இரண்டு, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நானும் இந்த முறை அதற்குமேல் சண்டை போடவில்லை. ஆனால் கீழிருந்து வரும் மெயின் குழாயை மேல்தளம் வரை ஏற்றி, ஒரு வால்வு போட்டு, வாயில் மூடி போட்டு விட்டிருக்கிறேன். படிக்கட்டு முடியும் இடத்தில் சிவப்பாக ஒரு முண்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். வரைபடத்தில் அந்த இடத்தில் "பிற்கால இணைப்புக்கு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேல் மாடிக்கான எஸ்டிமேட் கமிட்டியிடம் இருக்கிறது. அடுத்த மீட்டிங் எப்போது என்று கேட்டு நேற்றுதான் பெரியவருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. நாளைக்கு மறுபடியும் போட வேண்டும்.